லாத்வியப் பேச்சில் ஆடும் மாடும்

கேள்வி: லாத்வியத் தலைநகர் ரீகாவில் வசிக்கும் அக்காவின் மகள் விடுமுறைக்கு வருகிறாள். ஐந்து வயது, லாத்வியன்தான் பேசுவாள். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போகவேண்டும். ஆங்கில மிருகப் பெயர்களுக்கு எதிரே லாத்வியன் எழுதிய பட்டியல் போதுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, பட்டியல் மட்டும் போதாது. ஆங்கிலச் சொல்லில் பால் தெரியாது. லாத்வியனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. நாய் 'சுன்ஸ்', ஆண்பால். பெரிய நாய் 'லியெல்ஸ் சுன்ஸ்'. கோழி 'விஸ்த', பெண்பால்; அதனால் பெரிய கோழி 'லியெல விஸ்த'. ஸகரத்தில் முடிந்தால் ஆண்பால் என்று நம்பிவிடவும் வேண்டாம். பசுவும் மீனும், அதாவது 'குவொவ்ஸ்', 'ஸிவ்ஸ்' இரண்டுமே பெண்பால். அந்தக் குவொவ்ஸ் நமக்குத் தூரத்துச் சொந்தம். கோமாதா என்கிறோமே, அந்த வடமொழிக் 'கோ'வும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை.

நான் அங்கே படித்த நாட்களில் மிகவும் ரசித்தது குறில் நெடில். நமக்குக் கல், கால் எப்படியோ, அவர்களுக்கும் அப்படியே. 'கஸஸ்' என்றால் ஆடுகள். முதல் எழுத்தை நீட்டிக் 'காஸஸ்' என்றால் கல்யாணம்! நடு ஸகரம் வண்டு ரீங்காரம்போல் அதிரவேண்டும். நெடிலுக்கு எழுத்தின் மேல் ஒரு கோடு போடுவார்கள். பட்டியலில் அந்தக் கோடு விடுபட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

தமிழ் வாய்க்கு இது கஷ்டமே இல்லை. அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில்தான். சரி, யானைக் கூண்டருகே போனதும் 'ஸிலுவொனிஸ்' என்று சொல்லுங்கள். பிள்ளை திரும்பிப் பார்ப்பாள்.