கார் வராத சைக்கிள் பாதை பிரான்ஸில் எங்கே? போர்தோவிலிருந்து துலூஸ் வரை ஒரு வாரம்

கேள்வி: மே மாதப் பள்ளி விடுமுறையில் பாரிஸில் உள்ள அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து நானும் கணவரும் 10 வயது மகளும் ஒரு வாரம் சைக்கிளில் கிராமப்புறம் சுற்ற ஆசை. மகள் சென்னையில் எங்கள் தெருவுக்குள் மட்டுமே ஓட்டியவள். பக்கத்தில் லாரி போனால் பயந்து நின்றுவிடுவாள். எல்லோரும் லுவார் ஆற்றுப் பாதையைச் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே வாகனம் இல்லாத பாதையா? இல்லையென்றால் எங்கே போகலாம்?

பதில்: லுவார் பாதை அழகானது. சுமார் 900 கி.மீ. நீளம், வழிகாட்டிப் பலகைகளுக்கும் குறைவில்லை. ஆனால் அதில் கணிசமான பகுதி ஊர்ச் சாலைகளில்தான் போகிறது. கார்கள் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மகளின் பயத்தை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் முக்கியம்.

பிரான்ஸில் இரண்டு சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 'வெலோரூட்' என்றால் பலகை நட்ட நீண்ட சைக்கிள் வழித்தடம். அதில் தனிப்பாதையும் இருக்கும், சாலையும் இருக்கும். 'வுவா வெர்த்' என்றால் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியே இல்லாத பாதை. நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், ஸ்கேட்டிங் செய்பவர்கள் ஆகியோருக்கு மட்டும். சில இடங்களில் குதிரைக்கும் இடமுண்டு. சுற்றுலா வரைபடங்கள் இரண்டையும் பெரும்பாலும் ஒரே நிறத்தில் போடுகின்றன, ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. உங்களுக்கு வேண்டியது வுவா வெர்த்.

இந்தப் பாதைகள் பெரும்பாலும் புதிதாக வெட்டியவை அல்ல. ரயில் நின்றுபோன தடங்களும், படகை இழுத்துப் போவதற்காகக் கால்வாய்க் கரையில் போட்ட வழிகளும்தான் தார் பூசி மாற்றப்பட்டன. பிரான்ஸின் முதல் வுவா வெர்த் 1997-இல் பர்கண்டிப் பகுதியில் ஷிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே, பழைய ரயில் தடத்தில் திறந்தது. ரயிலுக்காகப் போட்ட தடத்தில் செங்குத்து ஏற்றம் இருக்க முடியாது. கால்வாய்க் கரையோ மட்டமானது, படகு ஏறி இறங்கும் மதகுகளுக்குப் பக்கத்தில் மட்டும் சில மீட்டர் ஏறும். குழந்தையோடு போக இதைவிட வாகான தரை கிடையாது.

உங்களுக்கு நாங்கள் சொல்வது போர்தோவிலிருந்து துலூஸ். போர்தோவின் தென்கிழக்கே லாத்ரெனில் தொடங்கி சோவ்தேர் த குயென் வரை பழைய ரயில் தடம் ஒன்று 'ரொழே லாபெபி' பாதையாகியிருக்கிறது. 1937-இல் டூர் த பிரான்ஸ் வென்றவர் பெயர் அது. அதன் பிறகு கரோன் கால்வாய். காஸ்தே ஆன் தோர்த்திலிருந்து துலூஸ் வரை 193 கி.மீ., 53 மதகுகள், 1856-இல் முடிந்தது. இதன் கரை ஏறக்குறைய முழுதும் தார் போட்ட வுவா வெர்த்.

இனி நீங்கள் கவலைப்பட வேண்டிய ஒரே இடத்துக்கு வருவோம். எந்தப் பயணத்திலும் வுவா வெர்த் ஓட்டுபவரைக் கைவிடாது. இரண்டு வுவா வெர்த்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கைவிடும். அதனால் திட்டம் போடும்போது முதலில் இடைவெளியைப் பாருங்கள். இங்கே அது சோவ்தேர் த குயெனுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிறது. மேடும் பள்ளமுமான திராட்சைத் தோட்டப் பகுதி, சுமார் 15 முதல் 20 கி.மீ. நேராக லா ரெயோலுக்கு இறங்கும் டே 670 சாலைதான் செல்பேசி முதலில் காட்டும். அதில் லாரிகள் ஓடும், போகாதீர்கள். மிஷ்லான் அச்சு வரைபடத்தில் மஞ்சள் சாலைகளை விட்டுவிட்டு வெள்ளைச் சாலைகளை மட்டும் கோத்துக்கொண்டு போனால் தூரம் கொஞ்சம் கூடும், வண்டிகள் அரிதாகிவிடும். காலை 9 மணிக்குப் புறப்படுங்கள். ஒரு பெரியவர் முன்னால், மகள் நடுவில், இன்னொருவர் பின்னால், சற்றே நடுச்சாலைப் பக்கம் ஒதுங்கி ஓட்டினால் பின்னால் வரும் கார் வேகம் குறைக்கும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை, குறுக்கு வழி சின்னதாக இருந்தாலும் அப்படித்தான். இந்த ஒரு காலைப்பொழுதும் வேண்டாம் என்று தோன்றினால் அதற்கும் வழி உண்டு. ரொழே லாபெபிப் பாதையை அடியோடு விட்டுவிட்டு, போர்தோவில் வட்டார ரயிலில் சைக்கிளோடு ஏறி லா ரெயோலில் இறங்குங்கள். அங்கே பாலத்தில் ஆற்றைக் கடந்தால் ஃபோந்தே, அதை ஒட்டியே கால்வாய். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாள்கணக்கு இப்படி வரும். முதல் நாள் போர்தோவிலிருந்து க்ரெயோன், சுமார் 25 கி.மீ. லாத்ரென் தாண்டியதும் மெல்லிய ஏற்றம் நீண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். இரண்டாம் நாள் லா சோவ் வழியாக சோவ்தேர் வரை. வழியில் சுரங்கம் ஒன்று உண்டு, முன்விளக்கு எரிகிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள். மூன்றாம் நாள் மேலே சொன்ன இடைவெளியைக் கடந்து மெயான் வரை, 30 கி.மீ.க்குள். நான்காம் நாள் புஸே வரை சுமார் 40. நடுவே ல மாஸ் தஜெனே ஊர் தேவாலயம் ரெம்பிராண்ட் 1631-இல் வரைந்த சிலுவைக் காட்சிக்குப் பேர்போனது. ஐந்தாம் நாள் அஜான், 28 கி.மீ.தான். கால்வாயே கரோன் ஆற்றுக்கு மேல் 23 வளைவுகள் கொண்ட பாலத்தில் போகிறது. ஆறாம் நாள் முவாசாக், 43 கி.மீ., இருப்பதிலேயே நீளமான நாள். வலான்ஸில் பாதித் தூரம் தாண்டியிருக்கும், மதிய உணவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். முவாசாக் மடத்தின் தூண்மண்டபம் 1100-ஆம் ஆண்டு முடிந்தது. கல்லில் செதுக்கிய தூண் தலைகளைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஏழாம் நாள் மொந்தெஷ் வழியாக தியூபாந்தால் நிலையம், சுமார் 33 கி.மீ. அங்கிருந்து துலூஸுக்கு ரயில். கடைசித் தூரத்தை விட்டுவிடச் சொல்வதற்குக் காரணம், துலூஸை நெருங்க நெருங்கக் கிடங்குகளும் நெடுஞ்சாலை இரைச்சலும்தான். கால்வாய் ஓரமாகவே ரயில் பாதையும் போவது இந்த வழியின் பெரிய வசதி. மார்மாந்த், அஜான், வலான்ஸ், முவாசாக் என்று எங்கே முடியாமல் போனாலும் நிலையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

துலூஸிலிருந்து மேற்கே வரலாமே என்றால், வேண்டாம். மேலைக் காற்று இங்கே வழக்கம், அது முதுகில் தள்ளட்டும். ஆனால் தென்கிழக்கிலிருந்து 'ஓத்தான்' என்ற காற்று கிளம்பினால் நாள்கணக்கில் ஓயாமல் எதிரே வீசும். அப்படி வந்தால் கடைசி இரண்டு நாள் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். துலூஸுக்கு அப்பால் மிதி கால்வாயில் தொடரும் ஆசையும் இப்போது வேண்டாம். நோவ்ரூஸ் மேட்டைத் தாண்டியதும் தார் போய் மண்ணும் பிளேன் மர வேரும் வரும், 10 வயதுக் கைகளுக்கு அந்த உதறல் தாங்காது.

மட்டமான பாதை சுலபம் என்று நினைப்போம். உட்காரும் இடத்துக்கு அது மலையைவிடக் கடினம். இறக்கமே இல்லாததால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், எழுந்து மிதிக்கும் ஏற்றமும் இல்லை. மூன்றாம் நாள்தான் வலி தெரியும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் அணியுங்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டிலிருந்து எழுந்து கொள்ளுங்கள். மகளின் வேகம் மணிக்கு 12 கி.மீ. என்று வையுங்கள். 40 கி.மீ. என்பது நிறுத்தங்களோடு சேர்த்து ஆறு மணி நேரம்.

சைக்கிளை போர்தோவில் வாடகைக்கு எடுத்துத் துலூஸில் விடும் வசதி தரும் கடைகள் உண்டு. மே மாதத்துக்குச் சிறுவர் சைக்கிள் வேண்டுமென்றால் பல வாரம் முன்பே சொல்ல வேண்டும். கடையைவிட்டுக் கிளம்பும் முன் பிரேக்கைப் பாருங்கள். நம் ஊர் சைக்கிளில் வலக்கை முன்பிரேக், அங்கே இடக்கை. பதற்றத்தில் பழகிய கையை இறுக்கினால் தவறான சக்கரம் நிற்கும், முன்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டால் ஆள் தலைகுப்புற விழும். மூவரும் அரை மணி நேரம் மைதானத்தில் பழகுங்கள், சாலையின் வலப்பக்கம் போகவும் அங்கேயே கை பழகட்டும். டயர் 35 முதல் 40 மி.மீ. அகலம் போதும். பை எல்லாம் பெரியவர்களின் பின்கேரியரில், ஆளுக்கு 15 கி.கி. தாண்டக் கூடாது; தாண்டினால் முதலில் உடைவது பின்சக்கர ஸ்போக்ஸ். மகள் சைக்கிளில் தண்ணீர் பாட்டிலைத் தவிர ஒன்றும் வேண்டாம்.

பஞ்சர் ஆனால் அவசரமாகப் புது ட்யூப் போடாதீர்கள். கரை ஓரத்து முள் டயருக்குள் முனை நீட்டிக்கொண்டிருக்கும், ஐந்து நிமிடத்தில் அடுத்ததும் போகும். டயரின் உட்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்று வழித்து முள்ளைப் பிடுங்கிய பிறகே ட்யூப். சக்கர அளவு வேறு என்பதால் மகளுக்குத் தனி ட்யூப் வேண்டும். பம்ப் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். மெல்லிய பித்தளை வால்வு என்றால் மேல் திருகைத் தளர்த்தாமல் காற்று ஏறாது. 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள், ஒட்டுப் பெட்டி, கைப் பம்ப் இருந்தால் போதும்.

12 வயதுக்குள் ஹெல்மெட் கட்டாயம். தவறினால் அபராதம் உடன் வரும் பெரியவருக்கு. பெல், முன்பின் விளக்கு, இரண்டு பிரேக் சட்டப்படி வேண்டும். காதில் இயர்ஃபோன் கூடாது. பெல் ஒப்புக்கு அல்ல. கால்வாய்ப் பாலங்களுக்கு அடியில் பாதை ஒடுங்கி வளையும், எதிரில் வருபவர் தெரியமாட்டார். அங்கே பெல் அடித்து, வலப்பக்கம் ஒட்டி, மெதுவாக. மகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் நிற்க வேண்டியது பெரும்பாலும் சைக்கிள்தான்.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். கிராமக் கடை மதியம் 12.30-க்குச் சாத்தினால் 3 மணி ஆகும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது, திங்களும் பல கடைகள் மூடல். உணவகத்தில் மதியச் சாப்பாடு 12 முதல் 1.30 வரைதான், 2 மணிக்குப் போனால் காப்பிதான். சனிக்கிழமையே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கி வையுங்கள். சைவம் என்றால் சாலட்டில்கூடப் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், முன்கூட்டிக் கேளுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் அதைக் குடிக்கக் கூடாது.

மே மாதம் வெயிலுக்கு நல்லது, விடுதிக்கு நெருக்கடி. 1-ஆம் தேதியும் 8-ஆம் தேதியும் விடுமுறை, அசென்சன் (இயேசு விண்ணேறிய திருநாள்) வியாழனோடு வெள்ளியையும் சேர்த்து ஊரே கிளம்பிவிடும். அந்த நாள்களைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள். 'அக்கேய் வெலோ' முத்திரை உள்ள விடுதி பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் தரும்.

திரும்பும்போது, துலூஸ் மாத்தபியோ நிலையம் மிதி கால்வாயை ஒட்டியே இருக்கிறது. வாடகை சைக்கிளை முதல் நாளே ஒப்படைத்துவிட்டு இங்கிருந்து பாரிஸுக்கு அதிவேக ரயில் ஏறலாம். சொந்த சைக்கிள் என்றால் கதை வேறு. அதிவேக ரயிலில் சைக்கிளுக்குத் தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும், எல்லா ரயிலிலும் இருக்காது. அதனால் உங்கள் பயணச்சீட்டுக்கு முன் சைக்கிளுக்கு இடம் உண்டா என்று பாருங்கள்.