பழைய மாருதி எஸ்டீம் கார் ஏசியில் 134ஏ கேஸ் போடலாமா?

வணக்கம் நண்பரே. கார் ஓடும்போது ஏசி குளிர்கிறது, சிக்னலில் நின்றால் அனல் காற்று வருகிறது, மெக்கானிக் 134ஏ கேஸை ஏற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். இது கேஸ் குறைவு மாதிரித் தெரியவில்லை. ஏசி போட்டதும் கண்டென்சர் (காரின் முன்புறம் ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். கண்டென்சரில் மண் அடைத்திருந்தால் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். அப்புறம் குழாய் இணைப்புகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் லீக் அங்கேதான்.

காரின் ஏசி ஸ்டிக்கரில் ஆர்-12 (பழைய வகை ஏசி கேஸ்) என்று இருக்கும்போது, மெக்கானிக் சொல்வதுபோல 134ஏவை அப்படியே ஏற்ற விடாதீர்கள். ஏசிக்குள் இருக்கும் பழைய மினரல் ஆயில் அதோடு கலக்காது. எண்ணெய் திரும்பி வராமல், கேஸை அழுத்தி அனுப்பும் கம்ப்ரெஸர் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பழைய எண்ணெயை வடித்து எஸ்டர் ஆயில் ஊற்றி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் இணைப்புகளில் உள்ள ரப்பர் ஓ-ரிங்குகளையும் மாற்றி, அரை மணி நேரமாவது வேக்குவம் வைக்க (பம்ப்பால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க) சொல்லுங்கள். 134ஏவின் அளவு, ஸ்டிக்கரில் உள்ள ஆர்-12 எடையில் 80 முதல் 90 சதவீதம் போதும். கூடினால் பிரஷர் ஏறி, நின்றால் சூடாகும் தொல்லை இன்னும் மோசமாகும்.

மலிவு என்று சமையல் கேஸ் வகையை ஏற்றச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். உள்ளே குளிர்காற்று தரும் கூலிங் காயிலில் கசிந்தால் தீப்பற்றும் வாயு நேராக உங்கள் கேபினுக்குள் வரும்.

ஃபேன் சுற்றியதா என்று எழுதுங்கள், மேலே பார்ப்போம்.