நாலு மணித் திதே

தம்பி, வேலைக்காக மொரீசியஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது, ஈபேனில் அலுவலகம், ரோஸ் ஹில்லில் அறை என்று எழுதியிருந்தீர்கள். அறை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா வருகிற ஞாயிற்றுக்கிழமை "திதே குடிக்க வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். வெறும் டீயா, சாப்பாடும் உண்டா, எத்தனை மணிக்குப் போவது, எப்போது கிளம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே எந்த வேளைக்கு என்ன பேர் என்றே பிடிபடவில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள்.

நான் காத்ர் போர்னில் 19 வருஷமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்குப் போங்கள். மத்தியானம் கொஞ்சம் குறைத்தே சாப்பிடுங்கள். ஆறு மணி வாக்கில் எழுந்துவிடுங்கள்.

இனி பேர்கள். காலையில் சாப்பிடுவது தி தெஜெனே. மத்தியானம் தெஜெனே. பிற்பகல் மூன்றரை, நாலுக்குத் திதே. ராத்திரி தினே. இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் 'தி' என்றால் சின்ன. சின்னத் தெஜெனே காலையில், முழுத் தெஜெனே மத்தியானம், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்தச் சின்ன 'தி' காதில் விழாமல் போனால் நாலு மணி நேரம் தப்பிப் போகும். எனக்கு அது நடந்தது.

வந்த இரண்டாவது மாதம். பக்கத்து வீட்டு அம்மா, வயதானவர், ஞாயிறு தெஜெனேக்கு வரச் சொன்னார். என் கணவரின் அலுவலகத்தில் காலைச் சாப்பாட்டைத் தி தெஜெனே என்று சொல்வதைக் கேட்டிருந்தேன், இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். எட்டரைக்கெல்லாம் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு போய் நின்றேன். அந்த அம்மா வாசல் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய் உள்ளங்கை அளவு ரொட்டி ஒன்றைப் பிளந்து, வெண்ணெய் தடவி, சூடான காத்தோ பிமான் மூன்றை உள்ளே வைத்துக் கையால் ஒரு அழுத்து அழுத்திக் கொடுத்தார். காத்தோ பிமான் என்பது நம் பருப்பு வடையேதான், கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிதாக உருட்டிப் போடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் முறத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார். கீரையைக் காட்டி "பிரேத் முரூம்" என்றார். நான் "முருங்கை" என்றேன். அவர் கொத்தமல்லியைத் தூக்கிக் காட்டி "கொத்தொமிலி" என்றார். கறிவேப்பிலை கரிப்பூலே, ரசம் ராசோன். தமிழ் பேச வராதவர், அவருடைய பாட்டியின் சொற்கள் அடுப்படியில் அப்படியே இருந்தன. பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குக் கிரியோலில் இருபது வார்த்தை தெரிந்திருந்தது. அந்த அம்மா இப்போது இல்லை. முருங்கைக் கீரை உருவும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சரி, திதேக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சொல்லுக்கு அர்த்தம் டீதான், ஆனால் அது ஒரு வேளை. நம் ஊரில் நாலு மணிக் காப்பி மாதிரி ஒரு டம்ளரோடு முடிகிற காரியம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரத்தில் ரொட்டிக் கடைகளில் இரண்டாவது ஈடு வெந்து வரும். தெருமுனை லாபுத்திக்கில் பெரியவர்கள் துணிப்பையோடு நிற்பார்கள், நம் ஊர் மளிகைக் கடை போலத்தான் அது. சூடு ஆறாத ரொட்டி, வெண்ணெய், சீஸ், சில வீட்டில் மத்தியானத்துக் கறி மிச்சம், நாலைந்து கேக் துண்டு. டீயில் பெரும்பாலும் பால் பவுடர்தான். தெற்கே புவா ஷெரித் தோட்டத்து வனிலா டீயாக இருந்தால் பொட்டலம் பிரிக்கும்போதே வாசலுக்கு மணம் வரும்.

தினேவுக்கு வீட்டார் மட்டும், நெருங்கிய சொந்தம் என்றால் கூட உண்டு. புதிதாக அறிமுகமானவரை வீட்டுக்குள் அழைப்பது பெரும்பாலும் திதேக்குத்தான், நான் பார்த்த வரையில். ஆகவே வெறும் டீ என்று நினைத்து 'வேலை இருக்கிறது' என்று தட்டிக் கழித்துவிடாதீர்கள் தம்பி. நம்மவர்களில் நிறையப் பேர் அப்படித் தட்டிக் கழித்துவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் ஒட்டமாட்டார்கள் என்று குறைப்படுவார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ராத்திரிச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அதுதான் ஒழுங்காகச் சமைத்த சாப்பாடு: சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரை, கறி அல்லது நம் தக்காளித் தொக்கு மாதிரியான ருகாய். நம் ஊர்ப் பழக்கத்தில் ஒன்பதரைக்குச் சமைக்க ஆரம்பித்தால் அக்கம்பக்கத்தில் விளக்கு அணைந்திருக்கும். அம்மாவுக்குப் போன் பண்ணும்போதும் கவனம், இந்தியா ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே தினே முடித்து எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே ஒன்பதரை.

மத்தியானம் அலுவலகத்தில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. டப்பா கொண்டுவருவார்கள், இல்லையென்றால் வெளியே தால் பூரி. அதை ஒற்றையாகக் கேட்காதீர்கள், ஜோடியாகத்தான் விற்பார்கள். "ஏன் பேர்" என்றால் ஒரு ஜோடி.

நீங்கள் பிரெஞ்சு வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலை என்றதால் இன்னொன்று. பாரிஸ்காரருக்கும் தெஜெனே மத்தியானம்தான். பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, கனடாவின் கியூபெக் பக்கத்தில் காலைச் சாப்பாடு தெஜெனே, மத்தியானம் தினே, ராத்திரி சூப்பே. "தினே நேரத்தில் கூப்பிடுங்கள்" என்று கியூபெக்காரர் சொன்னால் மத்தியானத்தைத்தான் சொல்கிறார். அந்த ஊர்களில் இருப்பது பழைய வழக்கம். தெஜெனே, தினே இரண்டு சொல்லுமே 'நோன்பு முறிப்பது' என்கிற ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. பாரிஸில் சாப்பாட்டு நேரம் தள்ளிக்கொண்டே போனபோது பேர்களும் கூடவே நகர்ந்தன, காலைக்கு மட்டும் புதிதாகச் 'சின்ன' தெஜெனே வந்தது. இந்தத் தீவு 1810இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டிஷார் கைக்குப் போய் 1968 வரை அவர்களிடமே இருந்தது. ஆனாலும் வீட்டில் சாப்பாட்டின் பேர் பிரெஞ்சு வழியிலேயே நின்றுவிட்டது.

தைப்பூசக் காவடி வரும்போது இந்த மணிக்கணக்கு எல்லாம் மாறும். பத்து நாள் விரதம், அதைக் காரேம் என்பார்கள். காவடி இறக்கியதும் கோவிலில் இலை போட்டுச் செத் காரி, ஏழு கறி. பூசணி, பலாக்காய், வாழைக்காய், ராசோன், பாயசம். அன்றைக்கு மத்தியானத்தைத் தெஜெனே என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, "செத் காரி சாப்பிடப் போகிறோம்" என்பதுதான் பேச்சு. அழைப்பு வேண்டியதில்லை, போய் உட்காருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நுழைந்ததும் "ஊ ஃபின் மான்ஜே?" என்பார்கள். சாப்பிட்டாச்சா என்று நாம் கேட்பதேதான். 'ஆச்சு' என்று முடித்துக்கொள்ளாதீர்கள், "கொஞ்சம்" என்று சொல்லுங்கள், ரொட்டி வைப்பார்கள். ஆறு மணிக்கு நீங்கள் எழும்போது "தினே சாப்பிட்டுப் போ" என்று ஒரு தடவை சொல்வது மரியாதைக்கு. இரண்டாம் தடவையும் சொல்லி அடுப்புப் பக்கம் போய்விட்டால் உட்காருங்கள்.

கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும். ஞாயிறு மதியத்துக்கு மேல் சின்னக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வியாழக்கிழமை மத்தியானமும் ரோஸ் ஹில், காத்ர் போர்ன், குர்ப்பீப் கடைகள் சாத்திவிடும், அதையும் மனதில் வையுங்கள். சனிக்கிழமை காத்ர் போர்ன் காய்கறிச் சந்தைக்கு வந்தால், இது நவம்பர் கடைசி, லிச்சி இறங்கியிருக்கும். இலையோடு கட்டின கொத்தாகப் பார்த்து வாங்குங்கள், உதிரியாக வேண்டாம்.