வாசகர் கேள்வி: அரீனாவில் ஹீலர் விழுவது ஏன்?

கேள்வி: 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆன்லைன் கேமின் அரீனாவில் (வீரர்கள் அணிகளாக மோதும் களம்) இருவர் அணியில் டிசிப்ளின் ப்ரீஸ்ட் என்ற ஹீலராக (அணியின் உயிரை ஏற்றுபவர்) ஆடுகிறேன். ஹீலிங்கையும் மானாவையும் (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) கூட்டும் டேலன்ட்களாகவே (நாமே தேர்ந்தெடுக்கும் திறன்கள்) எடுத்திருக்கிறேன். ஆனாலும் முதல் நிமிடத்திலேயே விழுந்துவிடுகிறோம். எங்கே தப்பு?
– வாசகர், தக்கலை

பதில்: டஞ்சனுக்கு (கேமே இயக்கும் எதிரிகளோடு மோதும் இடம்) ஏற்ற டேலன்ட்களோடு அரீனாவுக்குப் போகிறீர்கள், அதுதான் தப்பு. ஸ்டன்னில் (எதுவும் செய்ய முடியாமல் உறைந்த நிலை) நிற்கும்போது நிறைந்த மானாவால் என்ன பயன்? ஆட்டம் நீள நீள அரீனாவே ஹீலிங் அளவைக் குறைத்துக்கொண்டு வரும். அதனால் உயிரைக் காக்கும் டேலன்ட்களுக்கே முதலிடம். பெயின் சப்ரெஷனைத் தவறாமல் எடுங்கள். 8 விநாடிக்கு அடியை 40% குறைக்கும். ஸ்டன்னில் இருந்தபடியே போடலாம். பலர் இது தெரியாமல் ஸ்டன்னுக்கே ட்ரிங்கெட்டை (இப்படிப்பட்ட பிடியிலிருந்து விடுவிக்கும் பொருள்) வீணாக்கி, பின்னால் வரும் ஃபியரில் (பயந்து ஓடவைக்கும் பிடி) மாட்டிக்கொள்கிறார்கள். ட்ரிங்கெட் திரும்ப வர நேரம் ஆகும்!

அடுத்தது சைக்கிக் ஸ்க்ரீம், பக்கத்து எதிரிகளைப் பயந்து ஓடவைக்கும் மந்திரம். ஃப்ளாஷ் ஹீல் என்ற ஹீலிங் மந்திரத்தைப் போடும்போது எதிரி பாதியில் வெட்டினால் (தடுத்தால்), அதன் வகையான ஹோலி மந்திரங்கள் எல்லாமே சில விநாடி பூட்டிக்கொள்ளும். பெனன்ஸ், ஷீல்டு எதுவும் வராது. ஸ்க்ரீம் ஷேடோ வகை என்பதால் அப்போதும் வேலை செய்யும். எதிரி பக்கத்தில் வந்ததும் போடுங்கள்.

மந்திரத்தைப் போடத் தொடங்கி, சட்டென நிறுத்தி எதிரியின் வெட்டை வீணாக்குவது நல்ல உத்திதான். ஆனால் சாரல் நாளில் நம்ம ஊர் இணைப்பில் பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) எகிறினால் நிறுத்துவதற்குள் வெட்டு விழுந்துவிடும். அப்படிப்பட்ட இணைப்பு என்றால், உடனடியாக விழும் மந்திரங்களை வலுப்படுத்தும் டேலன்ட்களையே எடுங்கள்.