நடுவில் மட்டும் சூடேறாத சாதம்

கேள்வி: குளிர்பதனப் பெட்டியில் வைத்த சாதத்தை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால், ஓரத்தில் ஆவி பறக்கிறது, நடுப்பகுதி சில்லென்றே இருக்கிறது. ஏன்?

பதில்: நொடிக்கு ஏறத்தாழ 245 கோடி முறை அதிரும் நுண்ணலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அலைக்கழித்துச் சூடாக்குகின்றன என்றாலும், ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே அவை பெரிதும் வலுவிழந்துவிடுவதால், நடுப்பகுதிக்கு வெப்பம் ஓரத்திலிருந்து மெல்லப் பரவித்தான் சேர வேண்டும். எனவே சாதத்தைக் குவிக்காமல் பரப்பி, சிறிது நீர் தெளித்து, ஆவி வெளியேற இடம்விட்டு மூடி, பாதியில் ஒருமுறை கிளறி, அணைத்த பின் 2 நிமிடம் அப்படியே விட்டுவைத்துப் பரிமாறுங்கள். நம் வீடுகளின் செல்லமான எவர்சில்வர் கிண்ணம் இங்கே உதவாது. அது நுண்ணலைகளைத் திருப்பியனுப்பிவிடும், பொறியும் பறக்கலாம். ஓட்டுடன் முட்டையை ஒருபோதும் வைக்காதீர்கள். உள்ளே அடைபடும் ஆவியால் அது, சில வேளைகளில் வெளியே எடுத்த பின்னரும்கூட, வெடிக்கக்கூடும்.