அடியில் கூழாங்கல் இருந்தும் வேர் அழுகியது ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். டர்பனில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். ஜன்னலோரம் ஒரு ஜேட் செடியும் இரண்டு ஹவோர்த்தியாக்களும் வைத்திருக்கிறேன்; இரண்டு வகையும் சதைப்பற்றுள்ள இலைகளில் நீரைச் சேமிப்பவை. சாட்ஸ்வர்த்தில் அம்மா வீட்டுத் தோட்டத்துச் சிவந்த மண்ணைக் கொண்டுவந்து, தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பி நட்டேன். வாரம் ஒரு முறைதான் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆயினும் ஒரு ஹவோர்த்தியாவின் இலைகள் கண்ணாடி போலாகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டன. கடற்கரை மணல் கலந்தால் சரியாகுமா?
— வாசகி, டர்பன்

பதில்: அம்மா, முதற்குற்றம் தண்ணீரில் இல்லை, மண்ணில் இருக்கிறது. டர்பன் பக்கத்துச் சிவந்த மண் பார்வைக்கு மணலாக உதிர்ந்தாலும், நுண்மணலோடு களிமண்ணும் அதில் கலந்திருக்கிறது. தோட்டத்தில் மண்புழுவும் மரவேரும் ஓயாமல் துளையிடுவதால் நீர் இறங்கிவிடும். தொட்டிக்குள் அடைபட்டாலோ நாலைந்து முறை நனைந்ததும் இறுகி, வேருக்குக் காற்றே இல்லாமல் செய்துவிடும்.

கூழாங்கல் உதவும் என்பது பலரும் நம்பும் விஷயம். நானும் பல ஆண்டுகள் போட்டவன்தான். ஆனால் நுண்ணிய மண் பிடித்துவைத்திருக்கும் நீர், பெரிய இடைவெளிகள் கொண்ட கல்லடுக்குக்குள் எளிதில் இறங்காது. மேல்மண் முழுக்க ஊறும்வரை அங்கேயே நிற்கும். கல் போட்டதால் ஈரம் வேருக்கு இன்னும் அருகே ஏறியதுதான் மிச்சம். துளையின்மேல் ஒரு வலைத்துண்டு போதும்.

ஹவோர்த்தியா நம் தென்னாப்பிரிக்க நாட்டுச் செடிதான். ஈஸ்டர்ன் கேப் மாநிலத்திலும் கரூ என்னும் வறண்ட பகுதியிலும் பாறை இடுக்கிலும் புதர் நிழலிலும் சரளை மண்ணில் வளர்வது. டர்பனிலோ ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ. மழை, கோடை முழுதும் புழுக்கம். வீட்டுக்குள் வெயிலும் காற்றும் குறைவு என்பதால் தொட்டி மெதுவாகவே காயும். ஆகவே கடையில் வாங்கும் தொட்டிமண் 1 பங்குக்கு, 2 முதல் 5 மி.மீ. வரையுள்ள சரளையோ பெர்லைட்டோ (எரிமலைப் பாறையைச் சுட்டுப் பொரித்த, எடையற்ற வெள்ளைக் குருணை) 2 பங்கு சேருங்கள். ஜேட் செடிக்குச் சரிபாதி போதும். சரளையைச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளைத் தள்ளிவிடுங்கள். மாவு சலிப்பதற்கு நேர்மாறாக, இங்கே நமக்கு வேண்டியது கப்பிதான். கலவையை நனைத்துக் கொழுக்கட்டை போல் பிடித்துப் பாருங்கள். விரலை விரித்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் இன்னும் சரளை வேண்டும்.

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்பைக் கழுவிவிடலாம், நுண்மையைக் கழுவ முடியாது.

எஞ்சிய ஹவோர்த்தியாவை இன்றே பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். பழுப்பேறி, இழுத்தால் தோல் கழன்று நூலாக வரும் வேர்களை வெட்டிவிட்டு, நிழலில் 4 நாள் உலரவிட்டு, காய்ந்த கலவையில் நடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் ஊற்றலாம். அழுகியதையும் உடனே எறிந்துவிட வேண்டாம். நடுக்குருத்து விறைப்பாக இருந்தால், அழுகலை முழுதும் சீவிவிட்டு, அதையும் இதே முறையில் நட்டுப் பார்க்கலாம்.