பி.டி. சார் பதில்கள்

(தென்காசிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். இப்போது மும்பை சயானில், மகன் வீட்டில். ஊர்ப் பள்ளிக்கூடம் பற்றி மும்பை வாசகர்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஊர்ப் பள்ளியை அப்பா இன்னமும் 'போர்டு ஸ்கூல்' என்கிறார். பலகையில் 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்றுதானே இருக்கிறது? – வாசகி, செம்பூர்

அப்பா சொல்வது சரிதான் அம்மா. ஜில்லா போர்டு என்று ஒன்று இருந்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அதன் பொறுப்பு. போர்டு போய்விட்டது, பேர் மட்டும் ஜனங்கள் வாயில் நின்றுவிட்டது. 'மேல்நிலை' 1978-ல் பிளஸ் டூ வந்த பிறகு சேர்ந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்பில்தான் எஸ்.எஸ்.எல்.சி.; முடித்தவர்கள் கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. படிப்பார்கள்.

கேள்வி: தாராவியில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து பள்ளிக்கு 2 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். வாசலில் பெரிய வளைவு கட்டலாம் என்கிறார்கள் பெரியவர்கள். உங்கள் யோசனை? – வாசகர், தாராவி 90 அடி சாலை

வளைவு வேண்டாம் தம்பி. மைதானத்தைப் பாருங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வருடா வருடம் 200 மீட்டர் ஓடுகளம் போடுவோம். விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் விடிகாலை நாலரை மணிக்கு இரண்டு பையன்களோடு போவேன். முளை அடித்து, கயிறு கட்டி, வளைவுக்கு அரைவட்டம் இழுக்க வேண்டும். ஒருவன் கயிறு தொய்யாமல் பிடித்தபடி நடப்பான். அவன் கால்தடத்திலேயே இன்னொருவன், அடியில் ஓட்டை போட்ட டால்டா டின்னில் சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டே வருவான். விடிந்ததும் செம்மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரியும். பிள்ளைகள் ஒருத்தர்கூட அதை மிதிக்க மாட்டார்கள், தாண்டித் தாண்டித்தான் வகுப்புக்குப் போவார்கள்.

அந்தக் களத்தின் நடுவில் மூன்று வகுப்பறைக்கு வானம் தோண்டினார்கள். பின்னால் பொட்டல் சும்மா கிடந்தது. லாரி வந்து போக இதுதான் வசதி என்றார்கள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகு நேராக 60 மீட்டர் ஓட இடமில்லை. அந்த வருடம் 100 மீட்டருக்குத் தேர்வான பையன் தார் ரோட்டில் ஓடிப் பழகினான். இரண்டே மாதத்தில் முன்னங்கால் எலும்பு வலி வந்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கபடிக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் போதும். கோ-கோவுக்கு 27-க்கு 16. அதனால் தரையைச் சமன் செய்யுங்கள். நீளம் தாண்டும் குழியில் ஆற்று மணல் நிரப்புங்கள். ஆடு மாடு நுழையாமல் வேலி போடுங்கள். அப்புறம் ஒரு தண்ணீர்க் குழாய். முதலில் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசிவிடுங்கள். பணத்தை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். அரசுப் பள்ளிக்கு நன்கொடை கொடுப்பதற்காகவே 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது.

கேள்வி: ஊரில் அக்கா மகள் குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் முதலாவதாக வந்தாள். பத்தாம் வகுப்பு என்பதால் ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறார் மாமா. – வாசகி, முலுண்ட்

நிறுத்த வேண்டாம் என்று மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். குறுவட்டம் முடிந்தால் கல்வி மாவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம். இதெல்லாம் பெரும்பாலும் பள்ளி வருடத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். பொதுத்தேர்வோ கோடையில். காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிற பிள்ளை அதனால் மதிப்பெண் இழந்து நான் பார்த்ததில்லை. ராத்திரி நேரத்தோடு தூங்க விடுங்கள். காலையில் ஓடிவிட்டு வந்ததும் ஒரு முட்டையும் கையளவு வேர்க்கடலையும் கொடுங்கள்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்றவர். அந்தப் பையனை உயரம் தாண்டப் பழக்கியது பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அன்றைக்கு நான் டி.வி. முன்னால் எழுந்து நின்றுவிட்டேன்.

கேள்வி: மகன் இங்கே எட்டாம் வகுப்பு. ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு கிடைக்குமா? – வாசகர், மாட்டுங்கா

கிடைக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அதை நம்பிப் பையனை இடம் மாற்றாதீர்கள். தாத்தா பாட்டியோடு இருந்து தமிழில் நன்றாகப் படிக்கட்டும் என்று நினைத்தால், அது வேறு, தாராளமாகச் சேருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு வரலாற்று மலர் போடுகிறோம். எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், தாராவி

சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். தலைமையாசிரியர் அனுமதியோடு, அவர் அறையிலேயே உட்கார்ந்து பாருங்கள். நீளமான தடி நோட்டு. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், சேர்ந்த நாள், விலகிய நாள். பழைய பக்கங்களில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள் இருக்கும். தலையைச் சுற்றிக் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொல்லி, வாத்தியார் வைத்த தேதி அது. காமராஜர் காலத்தில், 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அதை ஒட்டிய வருடங்களில் உங்கள் ஊரில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெண்பிள்ளைகளைத் தனியாக எண்ணுங்கள், எந்த வகுப்போடு நின்றார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

விலகிய காரணம் எழுதிய பத்தியை விட்டுவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு பதிவேட்டில், 1960-களின் பக்கங்களில், பையன்களின் பேருக்கு நேரே சிவப்பு மையில் அடுத்தடுத்து ஒரே வரி: 'பம்பாய் சென்றுவிட்டான்'. உங்கள் பதிவேட்டிலும் அப்படி இருந்தால் அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள் தம்பி. 90 அடி சாலையில் விசாரித்தால் இரண்டு மூன்று பேராவது கிடைப்பார்கள்.